அர்ச்சனைத் தட்டுக் கடைக்கு ஒரு முத்ரா கடன்

அக்டோபர் 6, 2025, திங்கள்
மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கும் பெண் முத்ரா கடனுக்கு வந்தாள். கிஷோர் வகை, ஒன்றரை லட்சம். கிருத்திகைக் கூட்டத்துக்கு முன்தினமே தேங்காய் மூட்டைகளை இறக்கிவிட வேண்டும். அதற்குக் கையில் ரொக்கம் வேண்டும். நோட்டில் கடன்பாக்கிகூட நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். திருத்தணியில் இப்படிக் கணக்கு எழுதும் கடைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆதார், பான், உத்யம் பதிவு எல்லாம் சரி. வாக்காளர் அட்டை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பொறந்தது கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாம், மேடம். தொண்ணூத்தொண்ணுல."

அக்டோபர் 7, செவ்வாய்
முத்ரா இந்தியக் குடிமக்களுக்கு. ஆதார் இங்கே குடியிருப்பவருக்குக் கிடைப்பது. அதை வைத்துக் குடியுரிமையைச் சொல்ல முடியாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிரச்சினையே இல்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த நளினி கிருபாகரன் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். இவள் பிந்திப் பிறந்துவிட்டாள். "நமக்கெதுக்கும்மா வம்பு, ரிஜெக்ட் போட்டுடு" என்கிறார் மேனேஜர். போடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்
மதியம் கடைப்பக்கம் போனேன். அவள் தாத்தா நுவரெலியா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேரை ஏற்பதாகச் சொன்னபோது இந்தியாவுக்கே மனுப் போட்டவராம். முறை வருவதற்குள் 1984-ல் கப்பல் நின்றுபோனது. குடும்பம் 1990-ல் படகில் வந்தது. அந்த ராமானுஜம் கப்பலில் வந்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தொழில் கடன் எல்லாம் கிடைத்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். எங்கிருந்து வந்தாய் என்று அன்றும் கேட்டார்கள்தான். கடன் கொடுப்பதற்காகக் கேட்டார்கள். இவர்களைப் போன்ற மலையகத்தார் 65 பேர் வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-லேயே உத்தரவிட்டது. ஒரு வங்கிக் கிளையின் கடன் அதிகாரி அதை வைத்து என்ன செய்ய முடியும்?

அக்டோபர் 10, வெள்ளி
அமெரிக்காவில் எடிசனிலிருந்து தம்பி பேசினான். அங்கேயும் இதே கதை. அரசு உத்தரவாதக் கடனுக்கு ஜூன் 1 முதல் பங்குதாரர் அத்தனை பேரும் குடிமக்களாகவோ கிரீன் கார்டுக்காரர்களாகவோ இருக்க வேண்டுமாம். எச்-1பி நண்பனுக்கு ஓட்டலில் சின்னப் பங்கு கொடுத்திருந்தான், கடன் போச்சு.

அக்டோபர் 14, செவ்வாய்
பேப்பர் கட்டிங் ஒன்று கொண்டுவந்தாள். போன மாத மத்திய அரசு ஆணை: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. "இது போதுமா மேடம்?" போதாது. ஜெயிலில் போடமாட்டோம் என்பதை வைத்து எந்த வங்கியும் கடன் கொடுக்காது. தவிர, இவள் எங்கிருந்தும் வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்தவள். வாயில் வந்ததைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

கணவர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். உள்ளூர்க்காரர், வாக்காளர் அட்டை உண்டு. கடையை அவர் பெயருக்கு மாற்றி மனுப் போடச் சொன்னேன். முகம் சுருங்கியது. "எட்டு வருஷமா நான் நடத்துற கடை."

அக்டோபர் 17, வெள்ளி
தீபாவளிக்கு முன் சாங்ஷன் ஆகிவிட்டது. கணவர் கையெழுத்துப் போட வந்தார், தறிப்பஞ்சு தலையில் ஒட்டியபடி. மாதாமாதம் பத்தாம் தேதி தவணை, தேங்காய்க் கொள்முதல் பில் எல்லாம் ஃபைலுக்கு வேண்டும் என்று விளக்கினேன். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் அவகிட்டயே சொல்லிடுங்க மேடம். எனக்குத் தேங்காய் என்ன விலைன்னுகூடத் தெரியாது."