உடன்குடி ரோடு

மெஞ்ஞானபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் கோவில் கோபுரம் தெரியும். ஜாண் தாமஸ் ஐயர் கட்டிய பரிசுத்த பவுலின் ஆலயம் அது. கோபுரத்தின் உயரம் 192 அடி. உடன்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவனுக்குப் பனைகளுக்கு மேலே முதலில் அதன் கூர்தான் கண்ணில் படும், ஊர் பிறகுதான். அந்த ரோட்டில் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் போய்வந்தார். உடன்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க் வேலை.

என் சிறு வயதை நினைத்தால் முதலில் வருவது சாயங்கால ஜெபம். ஏழு மணிக்கு அப்பா அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றிவிடுவார். கரண்டு இருந்தாலும் ஏற்றுவார், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆச்சியின் கட்டிலைச் சுற்றி பாய் விரித்து உட்காருவோம். ஆச்சிக்கு இடது பக்கம் முழுக்க வாதத்தில் விழுந்துபோயிருந்தது. ஒரு பாமாலை பாடி முடித்ததும் வேதப்புத்தகம் கைமாறும். ஆளுக்கொரு வசனம்: அக்கா, நான், அம்மா. ஆச்சியின் முறை வரும்போது புத்தகம் அவள் பக்கம் போகாது. தெரிந்த சங்கீதமென்றால் மனப்பாடமாகச் சொல்லுவாள், தெரியாததை அப்பா காதில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவாள். நாக்கு குழறும். ஒரு வசனத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகும். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். அக்கா என் தொடையைக் கிள்ளுவாள். அப்பா மட்டும் அந்தக் கடைசிச் சொல் வந்து விழும்வரை ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவளுக்காக அவர் முடித்துவைத்ததில்லை.

காலையில் வெந்நீர் வைத்து ஆச்சியைத் துடைத்துவிடுவதும் அப்பாதான். "பொம்பளை பாக்க வேண்டிய வேலையை நீ ஏம்ப்பா பாக்க?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருமுறை கேட்டாள். "என்னைத் துடைச்சு வளத்தவ தானே பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஆச்சிக்குத் தலை சீவ உட்கார்ந்துவிட்டார்.

1978-ல் அப்பா ஆபீசர் பரீட்சை பாஸ் பண்ணினார். 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு, வங்கி இல்லாத ஊர்களிலெல்லாம் கிளை திறந்துகொண்டிருந்த காலம். ஆபீசர் ஆகிறவர் எங்கே போடுகிறார்களோ அங்கே போகவேண்டும். அப்பாவுக்குப் பீகாரில் போட்டார்கள். எனக்குப் பத்து வயது. குவார்ட்டர்ஸ் கிடைக்கும், ரயிலில் மூன்று நாள் போகலாம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அட்லஸில் பாட்னாவைச் சுற்றிப் பென்சிலால் வட்டம்கூடப் போட்டாயிற்று.

ஆச்சியை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. விட்டுவிட்டும் போக முடியாது. ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கடைக்குப் போகமாட்டோம், குழம்புகூட முந்தின நாளே வைத்துவிடுவார்கள். அதனால் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே பேசினாள். திங்கட்கிழமை அப்பா புரமோஷன் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. பரீட்சைக்குப் படித்த புத்தகங்களைச் சணல் போட்டுக் கட்டிப் பரணில் வைத்தார்.

1980 கோடை விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். புது மானேஜர் வந்திருந்தார். அப்பாவைவிட ஆறேழு வயது இளையவர், இதே கிளையில் அப்பாவிடம் வேலை பழகிப் போனவர். உள்ளேயிருந்து மணி அடித்தது. அப்பா லெட்ஜரை எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்று, "சார்" என்றார். அவர் நல்ல மனுஷர். பதறிப்போய், "உக்காருங்க அண்ணாச்சி" என்று நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். பத்துப் பதினைந்து நிமிஷம் அப்பா நின்றபடியே கணக்குச் சொன்னார்.

சாயங்காலம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வரும்போது நான் பேசவில்லை.

"என்னல, வாயில கொழுக்கட்டையா?"

"நீங்களும் பாஸ்தானே பண்ணீங்க? அவங்க உக்காந்திருக்காங்க, நீங்க ஏன் நிக்கணும்?"

அப்பா பதில் சொல்லாமல் மிதித்தார். தேரிக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளத் தொடங்கியதும், "எரிக் லிடல் கதை தெரியும்லா?" என்றார்.

தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர், 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓடமாட்டேன் என்றவர். அந்த ஞாயிறு பாரிஸில் ஒரு கோவிலில் பிரசங்கம் பண்ணினார். பிறகு 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஆண்டவரைக் கனம்பண்ணினால் அவர் நம்மைக் கனம்பண்ணுவார் என்று வாத்தியார் கதையை அங்கேயே முடித்துவிடுவார்.

"அது பாதிக் கதை" என்றார் அப்பா. "தங்கம் கிடைக்கலன்னா அவர் செஞ்சது தப்பாயிருமால?"

மீதியை அன்றுதான் கேட்டேன். மறுவருஷமே லிடல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போய்விட்டார். யுத்தம் நெருங்கியபோது, 1941-ல், கர்ப்பிணியாக இருந்த மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். ஜப்பானியர் அவரை ஒரு முகாமில் அடைத்தார்கள். அங்கேயிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள் என்று கேட்டதும், ஞாயிறு ஓடமாட்டேன் என்ற அதே மனுஷர் ஞாயிற்றுக்கிழமையே விசில் ஊத வந்து நின்றார். 1945 பிப்ரவரியில், முகாம் விடுபட ஆறு மாதம் இருக்கையில், மூளையில் கட்டி வந்து இறந்துபோனார். கனடாவில் பிறந்த மூன்றாவது மகளை அவர் கண்ணால் பார்க்கவேயில்லை.

அதைச் சொன்னதும் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டார். கண்ணில் மணல் விழுந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

"அவருக்கு ஆண்டவர் சொன்ன இடம் அது. எனக்கு ஆச்சி கட்டிலைக் காட்டிருக்காரு. பெத்தவளையும் பிள்ளைகளையும் தினமும் பாக்க அவருக்குக் குடுத்துவைக்கல. எனக்குக் குடுத்துவச்சிருக்கு. நின்னா கால் வலிக்கத்தான் செய்யும், ஏறு."

எனக்கு அன்று ஆறுதல் ஆகவில்லை. இன்னும் பல வருஷம் ஆகவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அப்பா அடைத்து முடிக்க ஒன்பது வருஷம் ஆனது. ஆபீசர் சம்பளமென்றால் மூன்று வருஷத்தில் முடிந்திருக்கும் என்று நானே கணக்குப் போட்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, பட்டணத்தில் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்குகிற முகங்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கணக்கில் எதையெல்லாம் சேர்க்காமல் விட்டேன் என்று தெரிந்தது.

ஆச்சி 1982 நவம்பரில், ஜெபத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே போனாள். அவள் முறை வந்தது. அப்பா வழக்கம்போல முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடினார்.

அந்த வேதப்புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் வெள்ளைத்தாளில் அப்பாவின் கையெழுத்தில் எங்கள் ஞானஸ்நானம், திடப்படுத்தல், அக்காவின் கல்யாணம், ஆச்சியின் மரணம் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 1978-க்கு நேரே ஒரே வரி: "அம்மாவுக்கு ஐயர் வீட்டில் வந்து நற்கருணை கொடுத்தார்கள்." கடைசி வரி மட்டும் என் கையெழுத்து. அது அப்பா இறந்த தேதி.