உடம்படுமெய்

‘மணி’யும் ‘அழகு’ம் புணருமிடத்து ஈருயிர்கள் எதிர்ப்படுகின்றன, யகரம் இடையே தோன்றி ‘மணியழகு’ ஆக்குகின்றது. உயிர் இரண்டும் திரிவதில்லை. இடைவந்த அம்மெய்யை உடம்படுமெய் என்பர் இலக்கணநூலார். வாகன உடல் கட்டும் பட்டறைக்கும் இவ்விலக்கணம் பொருந்தும்.

வன்னியில் நெல்லேற்றும் லொறியை நோக்குக. அடிச்சட்டம் உருக்கு, சுமைப்பெட்டி பெரும்பாலும் மரம், சிலவற்றின் பக்கத்தகடு அலுமினியம். மாரியில் மரம் நீரேற்றுப் பருக்கும், கோடையில் சுருங்கும். வெப்பம் 30 பாகை செல்சியசு ஏறினால் 6 மீற்றர் அலுமினியத் தகடு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளும். அதே நீள உருக்கு 2 மில்லிமீற்றரே நீளும். முல்லைத்தீவின் உப்புக்காற்றில் ஈரம் படியுமாயின், உருக்கைத் தொட்டுநிற்கும் அலுமினியம் மின்வேதித் தாக்கத்தால் அரிக்கப்படும்.

ஆகவே கைதேர்ந்தோர் இவற்றை இறுக அறைவதில்லை. அடிச்சட்டத்தின் விளிம்பைத் துளைத்தால் அத்துளையிலிருந்தே வெடிப்புத் தொடங்கும் என்பதால், வளைந்த போல்ற்றுகளால் மரத்தை அதனோடு கவ்வச் செய்வர். இடையே றப்பர் வைப்பர். அலுமினியம் உருக்கைத் தொடாதவாறு மைபூசி, மெல்லிய றப்பரும் இடுவர். தகடு நீளுதற்கு இடமாகத் துளையைச் சற்றே அகலமாக்குவர்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அருகின. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததைக் கிடைத்ததோடு பொருத்தியே வாகனங்களைக் காக்க வேண்டியிருந்தது. இணைப்புத் தளர்ந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். அவ்வண்டியில் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும் இருத்தல் கூடும். இரண்டும் தத்தம் இயல்பில் நிற்க இடமளித்த இணைப்பே அந்நாளில் ஊர்வரை வந்து சேர்ந்தது. யகரத்தின் பணியை ஆங்கே ஒரு றப்பர்த் துண்டு ஆற்றியது.