திருச்சுழியும் திருச்சியும் ஒன்றான கதை

அருப்புக்கோட்டையில் ஒரு சேலைக் கடை. நோட்டில் இருந்த பார்சல் கணக்கை கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்றதும், கடைக்காரரின் தங்கை மகன், பி.காம். படிப்பவர், "நான் பாத்துக்கறேன் மாமா" என்று இறங்கினார். பேலன்ஸ் ஷீட் தெரிந்தவருக்கு பிஎச்பி எங்கே தெரியும்? வலையில் தேடி, இங்கே ஒரு துண்டு அங்கே ஒரு துண்டு என்று நிரலை வெட்டி ஒட்டினார். (எல்லோரும் செய்வதுதான், சிரிக்க வேண்டாம்!) ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தார். பிரமாதமாக ஓடியது.

தமிழில் அடித்ததும்தான் வினை. பார்சலில் ஒட்டும் சீட்டில் ஊர்ப்பெயர் "திருச்" என்று மட்டும் அச்சாகி, பக்கத்தில் ஒரு கறுப்பு வைரம், அதற்குள் கேள்விக்குறி. கடைப் பையன் என்ன செய்வான்? திருச்சி மூட்டையில் போட்டுவிட்டான். சேலைக்குக் காத்திருந்ததோ பக்கத்திலிருக்கும் திருச்சுழி. கல்யாணச் சேலை வேறு!

குற்றவாளி ஒரே ஒரு வரி. ஊர்ப்பெயர் சீட்டுக்குள் அடங்க வேண்டுமே என்று, 20-க்கு மேல் போனால் நறுக்கிவிட்டுச் சேமிக்கும் 'சப்ஸ்டர்' கட்டளை. அது எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் வித்தியாசம் தெரியாது.

நம் கதை வேறு. திருச்சுழி கண்ணுக்கு 5 எழுத்து. ஒருங்குறியில் 10 குறிகள் (த தனி, அதன் கொக்கி தனி, ச தனி, புள்ளி தனி...). யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 30. திருச்சிக்கு 24, திருச்செந்தூருக்கு 42. இருபதில் வெட்டினால் ஆறு குறிகள் முழுசாகவும், ஏழாவது அரைகுறையாகவும் மிஞ்சும். முதல் ஏழு குறிகளும் மூன்று ஊருக்கும் ஒன்றுதானே! மிஞ்சியதை வைத்து எது எந்த ஊர் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. 45 பைட் அருப்புக்கோட்டையே "அருப்ப" என்று நிற்கும்.

'எம்பி_சப்ஸ்டர்' போட்டால் பாதி நோய் தீரும். அது குறிகளை எண்ணும். ஆனால் மெய்யையும் அதன் கொக்கியையும் பிரித்துவிடக்கூடும், "சு" வெறும் "ச" ஆகிவிடும். நாம் எண்ணுவது போல எண்ணுவது 'கிராபீம்_சப்ஸ்டர்' (இன்டல் நீட்சி வேண்டும்). வெட்டாமலே சேமித்துவிட்டு, அச்சடிக்கும்போது எழுத்தின் அளவைச் சிறிதாக்குவது அதைவிட நல்லது. கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ் கோழிக்கிறுக்கலாகத் தெரிகிறதா? சிஎஸ்வி கோப்பின் தலையில் 'பாம்' எனப்படும் 3 பைட்டுகளைச் சேருங்கள், சரியாகிவிடும்.

வெட்டி ஒட்டுவது தப்பே இல்லை. 2003, 2004 வாக்கில் பல விண்டோஸ் 98 கணினிகளில் ஒருங்குறித் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். அதைப் பக்கத்தோடு சேர்த்து இறக்கும் சில வரிகளைப் பலரும் தங்கள் வார்ப்புருவில் அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். படிப்பவர் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தால் தமிழ் தெரியும். (இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான், அதையும் சொல்ல வேண்டும்.) உமர்தம்பி 2006-ல் காலமானார். அவர் எழுத்துருவில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்குமோ! அந்த வரிகள் தமிழுக்கென்றே வந்தவை. சேலைக் கடைக்கு வந்த வரி அப்படியல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடையில் நிரலைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெட்டிச் சேமித்த பைட்டுகள் திரும்பி வராதே. மருமகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய நோட்டைப் பார்த்து ஊர்ப்பெயர்களை மறுபடி அடித்தார். நோட்டில் இல்லாத "திருச்"களுக்கு மாமா ஒவ்வொருவராகப் போன் போட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.