வரிசையில் நிற்காத பெட்டிகள்

பெயருக்கு ஓர் இன்புட், மாவட்டத்துக்கு ஒரு செலக்ட். இரண்டுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 200 பிக்சல். ஆனாலும் திரையில் பெயர்ப் பெட்டி சில பிக்சல் துருத்திக்கொண்டு நிற்கும். 192, 194 என்று எண்ணை மாற்றி ஒப்பேற்றுவதுதான் தொழில் வழக்கம். எனக்கு அது அலுத்துப்போய், இந்தக் கோணல் எங்கே தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் துப்பு பிரவுசர் தானாகவே போடும் ஸ்டைல்களில் கிடைத்தது. செலக்ட்டுக்கு 200 என்றால் பார்டர், பேடிங் எல்லாம் அதற்குள் அடக்கம். இன்புட்டுக்கு உள்பகுதி மட்டும் 200. மற்றதெல்லாம் அதற்கு மேல். பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் இது சரியாகிவிடும். அகலத்தை இஎம்மில் கொடுத்தால் அடுத்த தகராறு. பக்கத்தின் எழுத்து 16 பிக்சல். குரோமில் பெட்டிக்குள் 13.33. ஆகவே 10 இஎம் என்பது லேபிளுக்கு 160 பிக்சல், பெட்டிக்கு 133. நாமாக ‘ஃபாண்ட்: இன்ஹெரிட்’ என்று எழுதாதவரை பெட்டி பக்கத்தின் எழுத்துருவைச் சீண்டாது.

ஏன் இந்த வீம்பு? பழைய வரையறைகளைப் புரட்டினால் புரிகிறது. மொசைக் பிரவுசரில் படிவங்கள் 1993இலேயே வந்துவிட்டன. 1995 நவம்பரில் வந்த எச்டிஎம்எல் 2.0 அவற்றை முறைப்படுத்தியபோது லேபிள் என்ற டேகே கிடையாது. வெறும் எழுத்து, பக்கத்தில் பெட்டி, அவ்வளவுதான். சிஎஸ்எஸ் வந்தது 1996 டிசம்பரில். லேபிள் அதற்கும் ஓராண்டு கழித்து, எச்டிஎம்எல் 4.0இல். அன்றைய பிரவுசர்கள் பெட்டிகளை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் இரவல் வாங்கின. இரவல் பொருளில் சிஎஸ்எஸ்ஸின் செல்வாக்கு எவ்வளவு செல்லும்? 2011இல் இறுதியான சிஎஸ்எஸ் 2.1 இதை ஒளிக்கவில்லை: படிவப் பெட்டிகளுக்கு எந்தப் பண்புகள் பொருந்தும் என்பதை வரையறுக்கவில்லை என்று பட்டவர்த்தனமாகவே சொல்கிறது. பதினைந்து வருடக் குழப்பத்துக்கு ஒற்றை வாக்கியத்தில் வாக்குமூலம்!

அந்த இடைவெளியில் டேபிளைப் போட்டுச் சமாளித்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் ரொம்பவே கேலி செய்தார்கள். அது நியாயமில்லை. கேலி செய்தவர்கள் கொண்டுவந்த ஃப்ளோட்டும் படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காகப் பிறந்ததுதான். அதில் லேபிளுக்கு 10 இஎம் ஒதுக்கினால் ‘தந்தை / பாதுகாவலர் பெயர்’ இரண்டு வரியாக மடியும். மிக நீளமான லேபிளைப் பார்த்துத் தானே அகலத்தை முடிவு செய்யும் குணம் டேபிளுக்கு இருந்தது. அதே குணம் 2017இல் பிரவுசர்களுக்கு வந்த கிரிட்டில் திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு வரியையும் தனி டிவ்வில் போட்டிருந்தால் சப்கிரிட் வேண்டும்; அது குரோமுக்கு வந்ததே 2023இல்.

டெக்ஸ்ட்ஏரியா மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அதன் அடிக்கோடு (பேஸ்லைன்) எங்கே என்று எச்டிஎம்எல் வரையறை சொல்லாததால், ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. அடிக்கோட்டை நம்பி வரிசைப்படுத்தினால் ‘முகவரி’ என்ற லேபிள் பெட்டியின் காலடிக்குப் போய்விடலாம். அந்த வரிக்கு மட்டும் நான் ‘அலைன்-ஐட்டம்ஸ்: ஸ்டார்ட்’ கொடுத்து, பெட்டியின் பார்டரும் பேடிங்கும் சேர்ந்த அளவை லேபிளின் தலைக்கு மேல் பேடிங்காக வைத்துவிடுகிறேன்.