புதிய வகுப்பும் பழைய பிழையும்

உலகத்தாருக்கு ஆண்டு தையிலோ சித்திரையிலோ பிறக்கலாம். உபாத்தியாயருக்கோ அது ஜூன் மாதத்தில், பள்ளி மணியின் ஓசையோடு பிறக்கின்றது. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் பாடப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்ன மாதத்தில் இன்ன பாடம் என்று வகுத்து, ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்னும் குறிக்கோளைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி அடிக்கோடிடுவது எம்போன்றோர் வழக்கம். பதினோராண்டுகளாக யானும் அவ்வாறே செய்துவந்தேன். இவ்வாண்டு அதனை எழுத என் கை எழவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை, என்னைப்போலவே இக்கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்ள எண்ணும் இளைஞர்க்குச் சொல்லுதல் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

யான் பணி செய்வது சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கடற்கரையூர் ஒன்றிலுள்ள சிறு பள்ளியில். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள எங்கள் கோட்டையைக் காண வருவோர் மிகச் சிலரே. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இவ்வூரில் வாணிகம் நடத்தினர். சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த மெல்லாடைகள் இக்கரையிலிருந்து கப்பலேறிச் சென்றன. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை செங்கற் சுவர்களும், பண்டகசாலையின் சிதைவுகளும், சித்திரவேலை அமைந்த கல்லறைகளுமே.

சென்ற மே மாதத்தில் ஒருநாட் காலை, குறிப்பேட்டுடன் அக்கோட்டைச் சுவரின் நிழலில் அமர்ந்தேன். துணிகளை எண்ணி அடுக்கி, குறையுள்ளதை ஒதுக்கி, நல்லதை மட்டும் கணக்கிலேற்றிய வாணிகரை நினைத்தேன். அக்கணமே என் நெஞ்சு என்னைச் சுட்டது. ஏனெனில், முந்தைய ஆண்டு யானும் அவ்விதமே ஒரு பிள்ளையை ஒதுக்கியிருந்தேன்.

அவன் ஏழாம் வகுப்பு மாணவன்; மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவன். நல்ல உழைப்பாளி, ஆனால் ஒரு வரியைக்கூடத் தட்டுத் தடுமாறியே வாசிப்பான். பள்ளியைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் யாரையேனும் எழுப்பி வாசிக்கச் சொல்வார் என்பதையும், இவன் எழுந்தால் என் வகுப்பின் பெயர் கெடும் என்பதையும் எண்ணினேன். முதல்நாள் மாலை அவனைத் தனியே அழைத்து, “நாளைக்கு நீ வீட்டிலேயே இரு, தம்பி” என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை; தலையசைத்துச் சென்றான். மறுநாள் அதிகாரி எங்கள் வகுப்பைப் பாராட்டினார். அவனோ அதன்பின் வரவேயில்லை. வேலை மிகுதியென்று எனக்கு யானே சமாதானம் கூறிக்கொண்டு, அவன் வீட்டுப் பக்கம் நான் செல்லவுமில்லை.

கோட்டையினின்றும் எழுந்து நேரே கரைக்குச் சென்றேன். அங்கே மீன் ஏலம் முடிந்திருந்தது. சிறுவன் ஒருவன் ஈர மணலில் விரலாற் கோடிட்டு, விழுந்த தொகையைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் எனப் பங்கு பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் அதனை ஏற்றுப் பணத்தைப் பெற்றுக்கொண்டிருந்தனர். அவன் என் மாணவனே! எந்தப் பின்னக் கணக்கு அவனுக்கு வராதென்று யான் முடிவு கட்டினேனோ, அதனையே அவன் அங்கே பிழையின்றிச் செய்துகொண்டிருந்தான்.

“ஏனப்பா பள்ளிக்கு வரவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கதானே சார் வர வேண்டாமின்னீங்க” என்றான். அச்சொல்லில் கோபமில்லை, அதுவே என்னை அதிகமாய் வருத்திற்று.

அவன் மணலில் இட்ட கோடுகள், சென்னைப் பட்டணத்தோடு தொடர்புடைய பழைய வரலாறொன்றை எனக்கு நினைவூட்டின. 1789-ஆம் ஆண்டில் எழும்பூரிலிருந்த, படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிக்கு ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் தலைமையேற்றார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் விடுதியிலும் கையாள விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதனைச் செவ்வனே நடத்தினான். இவ்வனுபவத்தை 1797-இல் இலண்டனில் பெல் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற அது இங்கிலாந்திற் பெரிதும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

குறைந்த செலவில் நிறையப் பேருக்குக் கற்பிக்கும் வழியென்றே பலர் அம்முறையைப் போற்றினர். ஆசிரியர் செய்யவேண்டியதைச் சிறுவர் தலையிற் சுமத்தியது அதன் குறை. அக்குறையை யான் மறக்கவில்லை. ஆயினும், பிறருக்குக் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்ற பிள்ளை தன்னை மதிக்கத் தொடங்குகின்றான் என்பதில் ஐயமில்லை. எட்டு வயதுப் பிள்ளையை ஒருவர் நம்பி வகுப்பைக் கொடுத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யானோ நம்பாமல் வீட்டுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை குறிப்பேட்டில் மூன்று குறிக்கோள்களை மட்டும் எழுதினேன். முதலாவது: வகுப்பிலுள்ள முப்பத்துநான்கு பேரில் ஒவ்வொருவரையும் நாள்தோறும் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைத்துப் பேசுதல். இரண்டாவது: ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வாராவிடின் நான்காம் நாள் அவன் வீட்டு வாயிலில் நிற்றல். எங்கள் கரைக்கு இது இன்றியமையாதது. விசைப்படகுகளுக்குரிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் நாள் முடிய, பள்ளி திறந்த சில நாட்களிலேயே கடலும் ஆட்களை அழைக்கத் தொடங்கும். மூன்றாவது: வாரத்தில் இருமுறை, அரைமணி நேரம், பெரிய பிள்ளைகள் சிறுவருக்குத் தாம் அறிந்ததைக் கற்பித்தல். இவ்வரைமணியில் யான் ஓய்வெடுப்பதில்லை. வாசிக்கத் தடுமாறுவோரோடு தனித்தனியே அமர்ந்து வாசிப்பேன்.

இக்குறிப்புக்களில் தேர்ச்சி விழுக்காடு இல்லை. அது வேண்டாததென்று சொல்லவில்லை. மரத்தைப் பேணினால் கனி வருமென்று நம்புகின்றேன், அவ்வளவே. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை இக்கல்லூரியின் காலை வழிபாட்டில் எத்தனையோ முறை கேட்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததை அம்மேய்ப்பன் அறிந்திருந்தான் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகின்றது.

மறுநாள் அவன் குடிசைக்குச் சென்று, அவன் தந்தையின் முன்னிலையில், “நான் செய்தது தவறு, வகுப்பில் உன் இடம் அப்படியே இருக்கிறது, சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர நீ வேண்டும்” என்றேன். தந்தையார், “பாக்கலாம் சார்” என்றார். அவன் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டே இருந்தான்.

நாளை பள்ளி திறக்கின்றது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை முதலில் எழுதியிருக்கின்றேன். அழைக்கும்போது விடை வருமோ, வாராதோ, அறியேன். வாராவிடின் நான்காம் நாள்வரை காத்திரேன். பகலுணவு மணி அடித்ததும் என் கால்கள் கரையை நோக்கி நடக்கும். அதற்குரிய மனவுறுதியை இவ்வாண்டு முழுவதும் எனக்கு இறைவன் அருள்வாராக.