விளக்கை அணைத்துப் பார்

கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் இருட்டிய பிறகு சிலாங்கூர் ஆற்றில் படகுகள் புறப்படும். படகோட்டி விளக்கு ஏற்றுவதில்லை. பழகிய கையையும் துடுப்பையும் நம்பியே படகைச் செலுத்துவார். கைப்பேசியை வெளியே எடுப்பவரைப் பார்த்தால், "அதை உள்ளே வையுங்கள்" என்பார். கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். நிலவில்லாத இரவில் அக்காட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். அன்று மின்மினிகளின் ஒளி கூடிவிடுவதில்லை. சுற்றியிருக்கும் வெளிச்சம் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உயிருள்ள உடல்களிலிருந்து வரும் மிக மங்கிய ஒளியைப் படம்பிடிக்கும் அறிவியலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுடைய கருவிகள் விலையுயர்ந்தவை. அவற்றின் உள்ளமைப்பும் சிக்கலானது. ஆனால் அக்கருவிகளின் உழைப்பில் பெரும்பகுதி, வேண்டாத வெளிச்சத்தை விலக்குவதிலேயே செலவாகிறது.

இதில் மனிதக் கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வெளிச்சமான கூடத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவருக்கு முதலில் எதுவும் தெரியாது. அரை மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருந்தால், சற்றுமுன் தெரியாத பலவும் தெரியத் தொடங்கும். ஒளி சிறுசிறு துகள்களாக வருகிறது. அத்துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். மனிதருக்கு எத்தனை ஃபோட்டான் போதும் என்பதை அறிய, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலிக் ஹெக்ட்டும் அவருடைய இரு துணை ஆய்வாளர்களும் இருட்டறையில் சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1942ஆம் ஆண்டு வெளிவந்தது. விழித்திரை 5 முதல் 14 ஃபோட்டான்களை உள்வாங்கினாலே, "ஒளி தெரிந்தது" என்று மனிதர் சொல்லிவிடுகிறார். இத்தனை நுண்மையான உணர்வு எல்லாரிடமும் இருக்கிறது என்பது வியப்புக்குரியது.

பிறகு கருவி எதற்கு? கண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் வந்து சேர்ந்த ஒளியை மட்டுமே அது கூட்டிப் பார்க்கும். அடுத்த கணமே பழையதை விட்டுவிடும். நிமிடத்துக்குச் சில ஃபோட்டான்கள் மட்டும் கசியும் ஒரு பொருளை இரவெல்லாம் விழித்துப் பார்த்தாலும் கண்ணுக்கு அது இருட்டாகவே இருக்கும். அன்றியும், நேற்றுப் பார்த்த ஒளி இன்றைக்கு இரு மடங்கானதா, பாதியானதா என்று கண்ணால் அளந்து சொல்ல முடியாது. உயிரியல் ஆய்வுக்கு அந்த அளவுதான் வேண்டும்.

இந்தத் துறையின் வரலாற்றில் ஒசாமு ஷிமோமுராவின் பெயர் தவறாமல் இடம்பெறும். அவர் 1928ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தவர். போர்க்காலத்தில் நாகசாகிக்கு அருகிலுள்ள இசஹாயா ஊரில் வசித்தார். பள்ளியில் படிக்க வேண்டிய வயதில் மற்ற மாணவர்களோடு தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார். 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள், சன்னல் வழியே பாய்ந்த ஒரு பேரொளியால் ஏறக்குறைய 30 விநாடிகள் அவருக்குக் கண் தெரியவில்லை. நாகசாகி மீது அணுகுண்டு விழுந்திருந்தது. மாலையில் வீடு திரும்பும் வழியில் கரிய மழை பெய்து அவருடைய வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. பாட்டி அவரை உடனே குளிக்க வைத்தார். கதிரியக்கத்தின் பாதிப்பிலிருந்து அந்தக் குளியல் தம்மைக் காத்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

அத்தகைய ஒளியைக் கண்ட இளைஞர், பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளியோடு உழைத்தார். இதற்கு ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை. போரில் சிதைந்த நாட்டில் அவருக்குக் கிடைத்தது மருந்தியல் கல்லூரியில் ஓர் இடம். 1955ஆம் ஆண்டு நகோயா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அங்கு அவருக்குத் தரப்பட்ட ஆய்வு, ஒளிரும் ஒரு சிறு கடலுயிரியைப் பற்றியது. அதன் ஒளிக்குக் காரணமான பொருளைப் படிகமாக்கிக் காட்டினார். மற்ற ஆய்வாளர்கள் நெடுங்காலம் முயன்று முடியாமல் விட்ட வேலை அது. அதனால் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது.

1961ஆம் ஆண்டு கோடையில், பேராசிரியர் ஃபிராங்க் ஜான்சனுடன் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃபிரைடே ஹார்பர் என்னும் இடத்துக்கு ஷிமோமுரா சென்றார். அங்குள்ள கடலில் ஒரு வகை ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். தொட்டால் அதன் குடை போன்ற உடலின் விளிம்பு பச்சையாக ஒளிரும். அவர்கள் அவற்றை வலைக்கரண்டியால் அள்ளினார்கள். ஒளிரும் விளிம்பை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். ஆனால் அப்பொருளைப் பிரித்தெடுக்க எடுத்த முயற்சிகள் எல்லாம் வீணாயின. தெரிந்த முறையிலேயே தொடர வேண்டும் என்பது பேராசிரியரின் எண்ணம். வேறு வழி பார்க்க வேண்டும் என்றார் ஷிமோமுரா. இருவரும் ஒரே மேசையில் தனித்தனியாக வேலை செய்தார்கள். அந்த நாள்கள் ஷிமோமுராவுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். படகை எடுத்துக்கொண்டு தனியே கடலில் மிதந்தபடி அவர் யோசித்தார்.

விடை, ஒளியை முதலில் நிறுத்தி வைப்பதில் இருந்தது. பிரித்தெடுக்கும் வேலை முடிவதற்குள் பொருள் ஒளிர்ந்து தீர்ந்துவிடுகிறது. கரைசலில் அமிலத்தன்மையைக் கூட்டியபோது ஒளி நின்றது. அமிலத்தன்மையை நீக்கியபோது சிறிது ஒளி திரும்பியது. வேலை முடிந்து மீதியைக் கழுவு தொட்டியில் ஊற்றினார். தொட்டி முழுவதும் நீல நிறத்தில் பளிச்சென்று மின்னியது. மீன்தொட்டிகளிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தத் தொட்டிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கடல்நீரிலுள்ள கால்சியமே ஒளியைத் தூண்டுகிறது என்பதை அவர் விரைவில் கண்டுபிடித்தார். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் ஒளி அணைந்திருக்கும். வேண்டும்போது கால்சியம் சேர்த்தால் ஒளிரும். அந்தக் கோடையில் சேர்த்த ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்களிலிருந்து கடைசியில் கிடைத்தது சில மில்லிகிராம் புரதமே. அதற்கு ஏக்வோரின் என்று பெயரிட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் ஷிமோமுராவின் மனைவியும் பிள்ளைகளும் கூட வலைக்கரண்டி பிடித்தார்கள்.

ஜெல்லி மீனின் ஒளி பச்சை, ஏக்வோரினின் ஒளி நீலம். ஏக்வோரினைப் பிரித்தெடுக்கும்போதே பச்சை ஒளிர் புரதமும் வெளிப்பட்டது. அதற்காகவே 2008ஆம் ஆண்டு மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருடன் ஷிமோமுராவுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. புகழ் முழுவதும் பச்சைக்கே சென்றது. மங்கிய ஒளியைப் பிடிக்கும் கலைக்கோ நீலமே நல்ல ஆசிரியராக அமைந்தது. பச்சைப் புரதம் ஒளிர வேண்டுமானால் வெளியிலிருந்து அதன்மீது ஒளி பாய்ச்ச வேண்டும். அப்போது சுற்றியுள்ள தசையும் தோலும் கூடச் சிறிது ஒளிரும். கைவிளக்கை அடித்துக்கொண்டு மின்மினியைத் தேடுவது போன்றது அது. ஏக்வோரினுக்கு விளக்கு வேண்டாம். பின்னணி கரியதாக இருக்க, அது தானே ஒளிரும்.

தசை சுருங்கும்போதும் முட்டை கருவுறும்போதும் உயிரணுவுக்குள் கால்சியத்தின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தை ஒளியாகக் காட்டும் பொருள் இப்போது கையில் இருந்தது. ஆனால் ஏக்வோரினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முறைதான் ஒளிரும். அதனால் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு. முதலில் ஒளிப்பெருக்கிக் குழாய் அதற்கு உதவியது. அக்குழாயின் முகப்பில் ஒரு ஃபோட்டான் மோதினால் ஓர் எலக்ட்ரான் வெளிப்படும். அது அடுத்த தகட்டில் மோதிப் பல எலக்ட்ரான்களைத் தட்டியெழுப்பும். இப்படித் தகடு தகடாகப் பெருகி முடிவில் பத்து லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். எவ்வளவு ஒளி வந்தது என்பதைக் குழாய் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. இடத்தையும் காட்டும் படப்பெருக்கிகள் வந்த பிறகு, 1978ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அழகிய முடிவை வெளியிட்டார்கள். மெடாக்கா என்னும் சிறு நன்னீர் மீனின் முட்டைக்குள் அவர்கள் ஏக்வோரினைச் செலுத்தியிருந்தார்கள். கருவுறும்போது, விந்தணு நுழைந்த முனையில் ஒளி தோன்றியது. பட்டை போல முட்டையைக் கடந்து சில நிமிடங்களில் மறுமுனையை அடைந்து மறைந்தது. ஓர் உயிர் தொடங்கும் கணத்தில் முட்டைக்குள் ஓர் அலை எழுகிறது என்பதை மனிதர் படமாகப் பார்த்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் உயிரியலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் சில்லைக் கண்டுபிடித்தார்கள். தூறலைப் பிடிக்க முற்றத்தில் வரிசை வரிசையாகக் கிண்ணங்கள் வைத்தது போல, அந்தச் சில்லில் சிறு கட்டங்கள் நிறைந்திருக்கும். ஃபோட்டான் விழுந்த கட்டத்தில் எலக்ட்ரான் சேரும். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு தேங்கியது என்று அளந்தால் படம் கிடைத்துவிடும். கண்ணால் முடியாத சேமிப்பு இதனால் முடிகிறது.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. சில்லிலுள்ள வெப்பமே எலக்ட்ரான்களை உண்டாக்கிக் கிண்ணங்களில் போட்டுவிடும். தூறலே இல்லாமல் கிண்ணம் நனைந்திருப்பது போன்ற நிலை அது. கைப்பேசியில் இரவில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருப்பதற்கு இத்தகைய பொய்க் குறிகளும் ஒரு காரணம். ஆதலால் ஆய்வுக்கூடக் கருவிகளில் சில்லைப் பூஜ்யத்துக்குக் கீழே 70, 80, 90 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். வெளி விளக்கை அணைப்பது எளிது. கருவி தனக்குள் ஏற்றிவைத்திருக்கும் விளக்கை அணைப்பதற்குத்தான் இத்தனை குளிர் தேவைப்படுகிறது.

இவ்வளவு பாடுபட்டு எதைக் காப்பாற்றுகிறார்கள்? நோய்க்கிருமி உடலில் எப்படிப் பரவுகிறது என்பதை அறிய, முன்பெல்லாம் பல எலிகளுக்கு ஒரே நாளில் கிருமியைச் செலுத்துவார்கள். முதல் நாள் சில, மூன்றாம் நாள் சில என்று கொன்று, உறுப்புகளை அறுத்துப் பார்ப்பார்கள். இன்று அறுத்த எலிக்கு நாளை என்ன ஆகியிருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. 1995ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் காண்டாக் குழுவினர், தானே ஒளிரும்படி மாற்றிய சால்மொனெல்லா கிருமியை எலிக்குள் செலுத்தி, உயிரோடிருக்கும் எலியின் உடலுக்கு வெளியிலிருந்தே அந்த ஒளியைப் படம்பிடித்தார்கள். அதே எலியை மறுநாளும் பார்க்கலாம். மருந்து கொடுத்துவிட்டு ஒளி குறைகிறதா என்றும் பார்க்கலாம். விலங்குகளைப் பயன்படுத்துவது இதனால் நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு வேண்டிய உயிர்களின் எண்ணிக்கை குறைந்தது. அது சிறிய இலாபம் அல்ல.

புற்றுநோய் ஆய்வில் பெரும்பாலும் மின்மினியின் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். மின்மினியின் ஒளி மஞ்சள் கலந்த பச்சை. எலியின் உடல் வெப்பமான 37 டிகிரியில் அந்நொதி தரும் ஒளி சிவப்புப் பக்கம் சாய்கிறது. இது ஆய்வாளருக்குச் சாதகமானது. இருட்டில் கைவிளக்கின் முன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் விரல்கள் சிவப்பாகத் தெரியும். பச்சையையும் நீலத்தையும் இரத்தம் விழுங்கிவிடும். சிவப்பு ஓரளவு தப்பி வெளியே வரும். அப்படி வந்தாலும் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்த விளக்கு போல அது பரந்து கலங்கித் தெரியும். ஆழத்திலுள்ள பெரிய கட்டி, தோலுக்கு அடியிலுள்ள சிறிய கட்டியைவிட மங்கலாகத் தோன்றக்கூடும். கருமயிர் எலி என்றால் மயிரே ஒளியை உறிஞ்சிவிடும். அதனால் மழித்துவிட்டுப் படமெடுப்பார்கள்.

இத்தகைய படங்களைப் புத்தகத்தில் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலியின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று திட்டுத்திட்டாகத் தெரிவது உண்மையான நிறம் அன்று. கருவிக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டுமே. அதிகம் விழுந்த இடத்துக்குச் சிவப்பு, குறைவான இடத்துக்கு நீலம் என்று கணினி பூசிய வண்ணம் அது. படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலைப் படிக்காமல், சிவப்பைக் கண்டவுடன் நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்வது தவறு.

படமெடுக்கும் பெட்டியின் உட்புறம் கரியதாக இருக்கும். கதவு துளி வெளிச்சமும் புகாதபடி மூடிக்கொள்ளும். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே படுக்க வைப்பதற்கு முன், ஆய்வாளர் வெறும் பெட்டியைப் படமெடுப்பார். அந்தப் படத்தில் பதிவாவது கருவியின் சொந்த இரைச்சல். பிறகு எடுக்கும் படத்திலிருந்து அதைக் கழித்துவிடுவார். வெள்ளை நெகிழித் தட்டு, காகிதம், ஒட்டுநாடா போன்றவை அறையின் விளக்கொளியைச் சற்று நேரம் உள்ளே வைத்திருந்து, இருட்டில் மெல்ல வெளிவிடும். கண்ணுக்கு அது தெரியாது, கருவிக்குத் தெரியும். ஆகவே அவற்றை எடுத்துவிட்டு, கறுப்புத் தாள் விரித்து, கதவை மூடிய பிறகும் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள்.