பிஸ்கட் டின்னில் இருந்த கணக்கு

சென்ற மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 22 ஆண்டு ரசீதுகள். மற்றவர்களின் கணக்கைப் பார்த்துச் சம்பளம் வாங்குபவன் நான். ஆனால், என் பொழுதுபோக்கின் கணக்கை அதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை.

'பொம்மை ரயில்' என்பாள் மனைவி. 'மாதிரி ரயில்' என்று நான் திருத்துவேன். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவர் சட்டையின் எண்ணெய் வாசத்தோடு வளர்ந்தவன் நான். 2003இல் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிய குட்டி ஜப்பானிய ரயிலைப் பார்த்ததும் கால் நகரவில்லை. தண்டவாளத்தின் அகலமே 9 மில்லிமீட்டர்தான். 'என்' அளவு என்பார்கள். இன்ஜின், நான்கு பெட்டி, ஒரு வட்டப் பாதை, எல்லாம் சேர்த்து 450 வெள்ளி. "இதோடு சரி" என்று வீட்டில் சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

வட்டத்தில் சுற்றும் ரயில் ஒரு வாரத்தில் சலித்துவிடும். பாதை பிரிய வேண்டும், நிலையம் வேண்டும், மலையும் சுரங்கமும் வேண்டும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அதை வாங்கினால் பழைய இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் சிப் பொருத்த வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளையும், தண்டவாளம் கறுக்கும். ஆகவே அந்த அறைக்கு ஏர்கோன். எங்கள் படுக்கையறைக்கு ஏர்கோன் வந்தது அதற்குப் பிறகுதான்.

டின்னைக் கொட்டிக் கூட்டினேன். இன்ஜின், பெட்டிகள் 21,000 வெள்ளி. தண்டவாளம் 6,500. கட்டுப்பாட்டுக் கருவி, சிப் 5,800. பலகை, பெயிண்ட், கருவிகள் 7,200. ஏர்கோனும் மின்கட்டணமும் ஏறக்குறைய 9,500. தபால் செலவும் வரியும் 3,000. மொத்தம் 53,000 வெள்ளி.

மாதத்துக்கு 200 வெள்ளிதானே, தினம் ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர் இதைவிட அதிகம் செலவழிக்கிறாரே என்று மனம் உடனே சமாதானம் சொன்னது. ஆனால் மகள் பல்கலைக்கழகம் போனபோது "கையில் பணம் இல்லம்மா" என்று சொல்லித்தான் பிடிபிடிஎன் கடன் எடுக்கவைத்தேன். இன்றும் அவள் சம்பளத்தில் மாதம் 180 வெள்ளி அதற்குப் போகிறது.

நேரத்தையும் கணக்கிட்டேன். வார இறுதியில் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 400, மொத்தம் 8,800 மணி நேரம். முழுநேர வேலையாக இருந்தால் நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

தாளை மகளிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "கடன் பரவாயில்லப்பா. நான் கதவுகிட்ட வந்து நின்னாலே 'தொடாதேம்மா'ன்னு சொல்வீங்க. எனக்கு ரயில் மேல ஆசையே இல்ல. உள்ள வந்து உங்ககூட உக்காரணும்னுதான் இருந்துச்சு."

எனக்குப் பதில் வரவில்லை.

பழைய பொருள் வாங்குபவர் ஒருவரிடம் விலை கேட்டேன். மொத்தத்துக்கும் 15,000 என்றார். பாதியைக் கொடுத்து, வந்த 7,000 வெள்ளியை மகளின் கடனில் கட்டினேன். மீதியை விற்க மனம் வரவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமராவோ சைக்கிளோ மீன்தொட்டியோ, எதுவானாலும் ஆசைப்படுங்கள். முதல் ரசீதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதன் பின்னால் வரப்போவதையும் விசாரியுங்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி, வீட்டில் உள்ளவர்களிடம் காட்டிவிடுங்கள். அறைக்கதவைத் திறந்தே வையுங்கள்.

போன சனிக்கிழமை மகள் வந்திருந்தாள். கட்டுப்பாட்டுக் கருவியை அவள் கையில் கொடுத்தேன். வளைவில் வேகமாக ஓட்டி, மூன்று பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டாள். பதறி எழுந்தவன், மறுபடி உட்கார்ந்தேன்.